"பேரு விழுந்துச்சா?" – ஊவாத் தோட்டங்களின் சொற்களைச் சேர்த்து வைப்போம்

பசறையிலோ மடுல்சீமையிலோ அப்புத்தளையிலோ அந்தி நேரத்தில் லயத்துப் பக்கம் போனால் இந்தக் கேள்வி காதில் விழும்: "இன்னைக்குப் பேரு விழுந்துச்சா அக்கா?"

வெளியூர்க்காரருக்கு விளங்காது. பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பேரு என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிறார்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தோட்டம் சொன்ன கிலோ நிறைந்திருந்தால் முழுப்பேரு, குறைந்தால் அரைப்பேரு. அந்தக் கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானபோதும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானபோதும் லயத்தில் பேச்சு ஒன்றுதான்: "ஒரு பேருக்கு எவ்வளவு?" உழைத்த நாளைத் தன் பெயராலேயே அளக்கும் வழக்கம் இது. நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பேரு விழாமல் போனால், அந்த நாளில் அவள் இருந்ததே கணக்கில் இல்லை.

மலையும் நிரையும்

தேயிலை நட்ட நிலத்தைத் தோட்டத்து மக்கள் வயல் என்பதில்லை, காடு என்பதில்லை. மலை என்பார்கள். "அம்மா மலைக்குப் போயிருச்சு" என்றால் வேலைக்குப் போய்விட்டாள் என்று பொருள். மலையில் ஆளுக்கொரு நிரை. கங்காணி காட்டிய நிரையைப் பிடித்து மேலேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். இடுப்பில் பனியும் முள்ளும் படாமல் படங்கு, தலையில் கயிறு மாட்டிய கூடை, மழைக்குக் கம்பளி, செடியின் மேல்மட்டம் பார்க்க மட்டக்கம்பு. செடியை வெட்டித் தாழ்த்துவது கவ்வாத்து, நீர்வடிகாலைத் துப்புரவாக்குவது கான் வெட்டுவது, மண்ணைக் கிளறுவது முள்ளுக் குத்துவது. தொழிற்சாலை இவர்களுக்கு ஸ்டோரு. கைக்குழந்தையை விட்டுவிட்டு மலையேறும் இடம் பிள்ளைக்காம்பரா.

இவற்றில் பல சொற்களுக்குத் தேயிலையை விட வயது அதிகம். ஊவாத் தோட்டங்களில் முதலில் விளைந்தது கோப்பி. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் துரு நிறத் தூள் படிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடங்களுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலே சாய்ந்துவிட்டது. செடி மாறியது, கங்காணி மாறவில்லை, லயம் மாறவில்லை, அவற்றின் பெயர்களும் மாறவில்லை.

துண்டு என்ற சொல்லைப் பாருங்கள். கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனைத் தீர்த்தால் அவர்களை விட்டுவிடுவதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் துண்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆட்களோடு கடனும் மலைக்கு மலை நகர்ந்தது. 1921இல் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். ஒரு குடும்பத்தின் வாழ்க்கை ஒரு காகிதக் கீற்றில் அடங்கியிருந்த காலத்தைச் சொல்ல அந்தச் சிறு சொல்லை விட்டால் வேறு சாட்சி நம்மிடம் குறைவு.

கச்சான் வீசும்போது

ஊவாத் தேயிலையோடு பிணைந்த சொல் ஒன்று உண்டு: கச்சான். ஆடி, ஆவணியை ஒட்டித் தென்மேற்கிலிருந்து மலை தாண்டி வரும் வறண்ட காற்று. மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்து வரும். அந்தக் காய்ச்சலில் கொழுந்து மெதுவாக வளர்ந்து தனி மணம் ஏறுகிறது. உலகத் தேயிலைச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த மணம் அது. தேயிலை பற்றிய ஆங்கில நூல்களிலும் கச்சான் என்ற பெயர் ஏறியிருக்கிறது.

கூடை சுமப்பவளுக்கு அதே கச்சானில் வேறு கணக்கு. செடி துளிர்ப்பது குறையும், கை எவ்வளவு ஓடினாலும் கிலோ நிறையாது, பேரு பாதியாகும். கொழும்பு ஏலத்தில் விலை ஏறும் பருவமும் லயத்தில் கையிருப்பு இறங்கும் பருவமும் ஒன்றாக வருகின்றன. தேயிலைப் புத்தகம் காற்றின் மணத்தை எழுதிவைத்தது. அந்தக் காற்றில் விழாமல் போன பேருகளை எழுதிவைக்க வேண்டியது நாம்தான்.

லயத்துக்குள்ளே

லயம் என்பது வரிசை வீட்டைக் குறித்த ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அறைக்குக் காம்பரா என்று போர்த்துக்கேயர் வழி வந்த பெயர். திண்ணைக்கு இஸ்தோப்பு என்று ஒல்லாந்தர் வழி வந்த பெயர். குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் பீலி. கடைசி வீடு தொங்கக் காம்பரா, மேட்டில் இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பணிய லயம். முகவரி இலக்கமே இல்லாத வீடுகளுக்கு மக்கள் தாங்களே வைத்துக்கொண்ட முகவரிகள் இவை. அடுப்படிக்குப் போனால் ரொட்டி, கட்டச்சம்பல், சாயத்தண்ணி. பால் சேராத, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் தேத்தண்ணியே சாயத்தண்ணி.

இன்னும் மூன்று சொற்கள் என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தவை. ஊரு என்றால் தமிழ்நாட்டில் தாத்தா விட்டுவந்த கிராமம். நாடு என்றால் தோட்டத்தைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமம். தாங்கள் பிறந்து வளர்ந்து மண்ணுக்குப் போகும் இடத்துக்குத் தோட்டம் என்று மட்டுமே பெயர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஒப்பந்தம் செய்து இவர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று. சட்டம் எழுதியதையெல்லாம் இந்த மூன்று சொற்களும் தினமும் பேசிக்கொண்டிருந்தன. இன்று இளையவர்கள் "மலையகம் எங்கள் ஊர்" என்று உரக்கச் சொல்கிறார்கள். அது புதிய வழக்கு. போராடி வந்த வழக்கு.

கொச்சை அல்ல

இந்தச் சொற்களைப் பாடசாலையில் பேசினால் கொச்சை என்று திருத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆலி எலைக்கு அருகே ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், தோட்டத்து மனிதர்களைத் தோட்டத்துப் பேச்சிலேயே பேசவிட்டுக் கதை எழுதினார். அந்தப் பேச்சோடுதான் 'காலங்கள் சாவதில்லை' நாவல் ஈழத்து இலக்கியத்தில் தன் இடத்தைப் பெற்றது. தோட்டத்துப் பாடல்களைத் திரட்ட ஸி.வி. வேலுப்பிள்ளை முன்வந்தார். சொற்களுக்கும் அப்படிப்பட்ட உழைப்பு தேவைப்படுகிறது.

லயங்கள் போகட்டும், போயே ஆக வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் எல்லோருக்கும் கிடைக்கட்டும். பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய் நன்றாக வாழட்டும். ஆனால் கூடையை இறக்கிவைத்த பாட்டிமாரோடு சொற்களும் போய்விட்டால், இந்த மலைகளில் யார் உழைத்தார்கள், எப்படி அளக்கப்பட்டார்கள் என்பதைத் துரைமாரின் கணக்கேடுகள் மட்டுமே சொல்லும்.

பதுளை மாவட்டத் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு மாணவர்களிடம் கட்டுரை கேட்காதீர்கள். வீட்டில் வயதில் மூத்தவரிடம் இருபது சொற்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிவரச் சொல்லுங்கள். பசறையும் பண்டாரவளையும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். நான்கைந்து பாடசாலைகள் சேர்ந்தாலே ஊவாவுக்கு ஒரு சொல்லகராதி உருவாகிவிடும். அச்சிடப் பணம் பிறகு தேடலாம். சொல்லைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.