மின்பிறப்பாக்கி தேடு படலம்

எந்தையார் 1959 ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் கார் எம் இல்லத்து முற்றத்தில் இன்றும் நிற்கின்றது. அலெக் இசிகொனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து, 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த இனத்தைச் சேர்ந்தது அது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் இத்தகைய கார்களைச் சில துளி பெற்றோலாற் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியமையை வாசகர் அறிவர். முற்றும் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பிஸ்ரன் வளையங்கள் தேயும். எமது காரும் அவ்வாறு தேய்ந்து ஓய்ந்தது.

மருமகன் அதற்கு டட்சன் 1200 காரின் இயந்திரம் ஒன்றைத் தேடிக் கொணர்ந்தார். 1171 கன சென்றிமீற்றர் கொண்ட நல்ல இயந்திரம். ஆயின் அதனுடன் வரவேண்டிய மின்பிறப்பாக்கி வரவில்லை. கிடைத்த ஒன்றை அவசரத்திற் பூட்டினோம். பூட்டிய திருத்துநர், அது வேலை செய்கின்றதா எனச் சோதிக்க, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பற்றறியின் இணைப்பைக் கழற்றினார். டைனமோக் காலத்துப் பழக்கம் அது. அன்றிரவு எண்பது கடந்த அன்னையாரை வைத்தியசாலையிலிருந்து அழைத்துவருகையில், வழியில் முன்விளக்குகள் மஞ்சளாகிச் சிவந்து அவிந்தன. இருபுறமும் வயல், எதிரே பாரவூர்தி. இறையருளால் ஒதுங்கிக்கொண்டோம். அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எம்மை அதிகம் வருத்தியது.

அதன் பின்னரே இக்கருவியின் இயல்பை ஆராயப் புகுந்தேன். இலக்கணம் கற்பிப்போனுக்கு இஃது ஏன் என வினவுவோர்க்கு அந்த இரவே விடை.

மொறிஸ் மைனரில் முதலில் இருந்தது லூக்காஸ் டைனமோ. அதன் உச்ச ஈவு ஏறத்தாழ 22 அம்பியர். சுழல்வட்டில் பிறக்கும் மின்னைத் தூரிகைகள் நேரோட்டமாகத் திரட்டித் தரும். இயந்திரம் மெல்ல ஓடும்போது அது பெரும்பாலும் ஒன்றும் தராது. ஆயினும் அதற்கொரு பெருமை உண்டு: அதன் இரும்பிலே எஞ்சிநிற்கும் காந்தத்தைக் கொண்டே அது மின் பிறப்பிக்கத் தொடங்கும். பற்றறி வலுவிழந்த கார்களைத் தடைக்காலத்தில் தள்ளியே ஓடவைத்தோமன்றோ, அதற்கு இது துணைநின்றது. புதிய ஆடலோட்டப் பிறப்பாக்கியோ தன் காந்தத்துக்குப் பற்றறியின் மின்னை வேண்டிநிற்பது. அதில் ஆடலோட்டம் பிறக்க, இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கும். பற்றறி திடீரென விலகினால் மின்னழுத்தம் எகிறி இருவாயிகளைப் பொசுக்கிவிடும். எமக்கு நேர்ந்தது அதுவே. (அக்காலத்தில் வானொலி கேட்க நாம் சுழற்றிய துவிச்சக்கரவண்டி டைனமோவிலும் பிறந்தது ஆடலோட்டமே. பெயர் டைனமோ, பொருள் வேறு. பெயரிட்டோர் இலக்கணம் பயிலவில்லைப் போலும்!)

இரண்டாம் முறை தேடுகையில் மருமகன் 90 அம்பியர்க் கருவி ஒன்றைக் கண்டுவந்தார். "மாமா, பெரியதையே பூட்டுவம்" என்றார். "தம்பி, முதலிற் கணக்குப் பார்ப்பம்" என்றேன். முன்விளக்கு இரண்டுக்கும் 120 உவாற்று, சிறு விளக்குகளுக்கு 30, தீப்பொறிக்கு 40, மழைதுடைப்பானுக்கு 40, இப்போது பூட்டியுள்ள மின்விசிறிக்கு 120. ஆக 350. அதனை 14 உவோற்றால் வகுக்க 25 அம்பியர் வரும். சந்தியில் நிற்கும்போது கருவி தன் முழு ஈவையும் தராதாகையால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகக் கொண்டால் 45 போதும். 90 அம்பியர்க் கருவியின் கப்பி பல வரிப் பட்டிக்குரியது. எம் இயந்திரத்திலுள்ளதோ ஒற்றைப் பள்ளப் பட்டி. பெருஞ்சுமையில் அது வழுக்கிக் கருகும். வலுவிழந்த பற்றறி அத்தகைய கருவியிடமிருந்து பெருமின்னை இழுத்தால் அறுபது ஆண்டுப் பழைய கம்பி அதைத் தாங்குமோ?

ஆகவே 45 அம்பியர்க் கருவியையே, ஒழுங்காக்கி உள்ளடங்கியதாகத் தேர்ந்தோம். அதன் காதுகள் இயந்திரத்தின் தாங்கியிற் பொருந்தின. கப்பி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நீண்ட மட்டக்கோலை வைத்துப் பார்த்தோம். விசிறியலகுகள் சாய்ந்திருக்கும் திசைக்கே அது சுழல்கின்றதா என்பதும் காண வேண்டும். திசை மாறினாலும் மின் பிறக்கும், ஆனால் குளிர்காற்று குன்றும். பழைய ஒழுங்காக்கிப் பெட்டியை விலக்கி, கருவியிலிருந்து பற்றறிக்கு 6 சதுர மில்லிமீற்றர்த் தடிப்புள்ள புதிய கம்பி இட்டோம்.

எஞ்சியது முனைவு. மொறிஸ் மைனரிற் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. புதிய கருவியோ மறைமுனையை உடலுக்கு வேண்டுவது. மறந்து பழையபடி இணைத்தால் இருவாயிகள் ஒரு நொடியிற் சாம்பர். மருமகன் இணைப்புகளை மாற்றி முடித்ததும், பற்றறிக்கு அருகே சிவப்பு மையினால் எழுதி ஒட்டச் சொன்னேன். திருத்துநரும் வந்து நின்று வாசித்தார். நல்ல மனிதர், பற்றறி இணைப்பில் இனிக் கைவைப்பதில்லை என்றார்.

சாவியைத் திருப்பியதும் மானித்தட்டின் சிவப்பு விளக்கு ஒளிர்ந்தது. கருவிக்குத் தொடக்கக் காந்தத்தை ஊட்டும் மின் அவ்விளக்கின் வழியே செல்வதாகையால் அதன் குமிழையும் புதிதாக்கியிருந்தோம். இயந்திரம் கிளம்பியதும் அது அணைந்தது. மானியில் 14.1 உவோற்று. முன்விளக்கைப் போடச் சொன்னேன், வெண்மை குன்றவில்லை. அன்னையார் திண்ணையிலிருந்தவாறே, அடுத்த கிளினிக் வியாழக்கிழமை என்று நினைவூட்டினார்.