பழைய மடிக்கணினியின் நிலைபொருள் சில்லைப் படித்தல்: சிக்கல்களும் தீர்வுகளும்

நிலைபொருள் சில்லு என்பது கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறிய பிளாஷ் நினைவகச் சில்லு ஆகும். கணினியை இயக்கியதும் செயலி முதலில் நிறைவேற்றும் பயாஸ் நிரல் இதில்தான் பதிந்திருக்கும். இந்தச் சில்லின் உள்ளடக்கத்தை வெளிக்கருவி ஒன்றின் மூலம் கோப்பாக நகலெடுப்பதே சில்லைப் படித்தல் எனப்படுகிறது. பயாஸ் சிதைந்து இயங்க மறுக்கும் மடிக்கணினியை மீட்பதற்கும், கோர்பூட் போன்ற கட்டற்ற நிலைபொருளை நிறுவுவதற்கும் இதுவே முதல் படி.

தேவை

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக இலட்சக்கணக்கான மாணவர்களின் வீடுகளுக்கு மடிக்கணினிகள் சென்றன. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றுக்கு இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. திரையில் எதுவும் வராமல் போன கணினிகள் எல்லாம் தாய்ப்பலகை போனவை அல்ல. சிலவற்றில் நிலைபொருள் மட்டுமே சிதைந்திருக்கும். அத்தகைய கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் மீண்டும் இயங்க வாய்ப்பு உண்டு.

ஆனால் சில்லில் பயாஸ் மட்டும் இருப்பதில்லை. 2008இல் வெளிவந்த திங்க்பேடு எக்ஸ்200 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சில்லில் பகுதிகளின் எல்லைகளைக் குறிக்கும் விவரிப்பி, இன்டெல் மேலாண்மைப் பொறியின் நிரல், வலைப்பின்னல் அட்டையின் மேக் முகவரி ஆகியவையும் உள்ளன. மேக் முகவரி கணினிக்குக் கணினி வேறுபடும். எனவே இன்னொரு கணினியிலிருந்து எடுத்த கோப்பு இதற்கு முழு மாற்று ஆகாது. பிழையான நகலை நம்பிச் சில்லை அழித்துவிட்டால் மூலம் திரும்பக் கிடைக்காது.

தேவையான கருவிகள்

பிளாஷ்ரோம் என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுகிறது. 1999இல் தொடங்கி, 2008இல் கோர்பூட் எனப் பெயர் மாறிய லினக்ஸ்பயாஸ் திட்டத்திலிருந்து கிளைத்தது இது. சில்லுடன் இணைக்க ராஸ்ப்பெர்ரி பை அல்லது சிஎச்341ஏ கருவி, சில்லின் கால்களைப் பற்றும் கவ்வி, ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். 8 கால் சில்லுக்கும் 16 கால் சில்லுக்கும் கவ்விகள் வேறு. எக்ஸ்200இல் இரு வகையும் வந்துள்ளதால், கைத்தாங்கு உறையைக் கழற்றிச் சில்லைப் பார்த்த பின்பே கவ்வி வாங்க வேண்டும்.

பழைய மடிக்கணினிகளின் சில்லுகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. ராஸ்ப்பெர்ரி பையின் முனைகளும் 3.3 வோல்ட்டே. மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ பலகையிலோ மின்வழங்கல் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். இது சில்லையும் அதனுடன் இணைந்த சிப்செட்டையும் பாதிக்கக்கூடும். பயன்படுத்துமுன் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பது நல்லது.

தொடங்கும் முன்

மின்னூட்டியையும் பேட்டரியையும் கழற்ற வேண்டும். கடிகாரத்துக்கான சிறிய பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். சில்லின் மேல் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும். கவ்வியைத் தலைகீழாக மாட்டினால் 8 கால் சில்லில் மின்வழங்கல் கால் (8) இருக்க வேண்டிய இடத்தில் தரைக் கால் (4) வந்துவிடும். 16 கால் சில்லிலும் 2, 10 ஆகிய கால்கள் இதேபோல் இடம் மாறும். சில்லு சூடாகிக் கெட்டுப்போக இது போதும்.

அறிகுறிகளும் காரணங்களும்

சில்லே தென்படவில்லை: பிளாஷ்ரோம் முதலில் சில்லின் அடையாள எண்ணைக் கேட்கிறது. அதன் முதல் பைட்டு தயாரிப்பாளரைக் குறிக்கும். பதினாறடிமான எண்ணில் மேக்ரானிக்சுக்கு சி2, வின்பாண்டுக்கு இஎஃப். எல்லாப் பைட்டும் எஃப்எஃப் அல்லது எல்லாப் பைட்டும் 00 என வந்தால் சில்லு பதில் தரவில்லை என்று பொருள். மென்பொருளைக் குறை சொல்லும் முன் கவ்வியைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் உலோக முனைகள் விரைவில் களிம்பேறும். ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் சில்லின் கால்களையும் கவ்வியின் பற்களையும் துடைத்து, ஒவ்வொரு கம்பியிலும் தொடர்ச்சி இருக்கிறதா என மல்டிமீட்டரால் சோதிக்கலாம்.

ஒரு முறை தென்படுகிறது, மறுமுறை இல்லை: நிறுத்தக் கால் எதனுடனும் இணையாமல் தொங்குவது ஒரு காரணம். இக்காலின் மின்னழுத்தம் தாழ்ந்தால் சில்லு இடையில் பேசுவதை நிறுத்திவிடும். 8 கால் சில்லில் 7ஆம் காலையும், 16 கால் சில்லில் 1ஆம் காலையும் 3.3 வோல்ட்டுடன் இணைத்தால் இது தீரும்.

இணைத்ததும் ராஸ்ப்பெர்ரி பை அணைகிறது: தாய்ப்பலகையில் இருக்கும் சில்லுக்கு மின்சாரம் தரும்போது அதே தடத்தில் உள்ள பிற உறுப்புகளும் அதை இழுக்கின்றன. சில்லுக்குத் தேவை மிகக் குறைவு. இழுபடுவதோ அதைவிடப் பல மடங்கு. தனி 3.3 வோல்ட் மின்வழங்கியைப் பயன்படுத்தி, அதன் தரையையும் பையின் தரையையும் ஒன்றாக இணைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கோப்பு வேறுபடுகிறது: கம்பிகள் நீளமாக இருந்தாலோ வேகம் மிகுதியாக இருந்தாலோ சில பிட்டுகள் பிறழும். கம்பிகளை 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து, பையில் கடிகார வேகத்தை 512 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்கிப் பார்க்கலாம். படிக்க நேரம் கூடும். ஆனால் கோப்பு நிலைப்படும்.

பல சில்லுப் பெயர்கள் வருகின்றன: இது பழுது அன்று. ஒரே அடையாள எண்ணைப் பகிரும் சில்லுகள் உண்டு. மேக்ரானிக்சின் 64 மெகாபிட் வரிசையில் இது வழக்கம். சில்லின் மேல் அச்சிட்டுள்ள எண்ணை உருப்பெருக்கியால் படித்து, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நகல் சரியா எனச் சோதித்தல்

சில்லை மூன்று முறை படித்து மூன்று கோப்புகளின் ஷா-256 மதிப்புகளையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மாறினாலும் மூன்றையும் விட்டுவிட்டு இணைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றும் ஒத்துப்போனாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. முழுக்க எஃப்எஃப் நிறைந்த மூன்று வெற்றுக் கோப்புகளும் ஒரே மதிப்பைத்தான் தரும். ஆகவே உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். 8 மெகாபைட்டுச் சில்லின் கோப்பு சரியாக 83,88,608 பைட்டுகள் இருக்கும். எக்ஸ்200இன் சில்லில், தொடக்கத்திலேயே 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட்டுகள் வரும். விவரிப்பியின் அடையாளம் இது. கோர்பூட்டுடன் வரும் இஃப்டிடூல் கோப்பைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். வலைப்பின்னல் பகுதியின் முதல் ஆறு பைட்டுகளில் உள்ள மேக் முகவரி, கணினியின் ஒட்டுத்தாளில் உள்ளதுடன் பொருந்தினால் நகலை நம்பலாம். பயாஸ் ஏற்கெனவே சிதைந்த கணினியில் அந்தப் பகுதி மட்டும் பிழையாகவே இருக்கும். ஆனாலும் விவரிப்பியையும் மேக் முகவரியையும் காப்பாற்ற இந்த நகல் தேவை.

சரிபார்த்த கோப்பை அதே மடிக்கணினியில் வைப்பதால் பயனில்லை. அது திறக்காத நாளில்தான் கோப்பு தேவைப்படும். ஒரு பென்டிரைவிலும் வேறொரு கணினியிலும் நகல் வைத்த பின்னரே சில்லில் புதிதாக எதையும் எழுதத் தொடங்க வேண்டும்.