உங்களுக்குத் தெரியுமா? கிள்ளானிலிருந்து நம் கரிமத் தடம்

● ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். எரிந்தால் அதிலிருந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயு கிளம்புகிறது! பெட்ரோலில் உள்ள கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் இந்த எடை.

● கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்வர ஏறத்தாழ 70 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காரில் தனியாகப் போனால் நாளுக்கு 16 கிலோ கரியமில வாயு; ஆண்டின் 250 வேலை நாளுக்கு 4 டன்! நால்வர் சேர்ந்து போனால் தலைக்கு 1 டன்தான்.

● கொமுட்டர் ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்துக்கும் கரிமத் தடம், அதாவது அதை உண்டாக்கும்போது வெளியாகும் கரியமில வாயு, உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான பயணிகள் அதைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

● மின்சாரத்தில் ஓடும் வீட்டு ஏர்கோனுக்கும் நம் கரிமத் தடத்தில் பங்குண்டு. கிள்ளானை அடுத்த காப்பார் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

● கிள்ளான் தீவுகளின் கண்டல் காடுகள் மரத்தில் மட்டுமல்ல, சேற்றிலும் கரிமத்தைப் பூட்டிவைக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் இலைதழைகள் எளிதில் மட்குவதில்லை. காட்டை அழித்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும்.

● மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2022 டிசம்பரில் கரிம வரவுச் சந்தையைத் தொடங்கியது. ஒரு வரவு என்பது வேறிடத்தில் குறைத்த அல்லது அகற்றிய 1 டன் கரியமில வாயுவுக்குச் சமம். மேலே சொன்ன தனிக் கார் பயணத்தை ஈடுகட்ட ஆண்டுக்கு 4 வரவுகள் தேவை.

முதலில் குறைப்போம், குறைக்க முடியாததை ஈடுகட்டுவோம். வரிசை மாறக் கூடாது!