ஆடுகளமும் ஒரு பள்ளியே

அறிவு வளர்ச்சி தாமதமான குழந்தையை ஒரு மூலையில் அமர்த்திப் பாதுகாப்பதே அன்பு எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். விழுந்துவிடுமோ, பிறர் நகைப்பரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆனால், அவ்வன்பு குழந்தைக்கு நன்மை செய்கின்றதா?

1960களின் தொடக்கத்திற் கனடாவைச் சேர்ந்த பிராங்க் ஹேடன் என்னும் ஆய்வாளர் இத்தகைய பிள்ளைகளின் உடல்வலிமையை அளந்து பார்த்தார். ஏனைய பிள்ளைகளிலும் அவர்கள் மிகப் பின்தங்கியிருந்தனர். எனினும், ஓடியாட வாய்ப்பளிக்கப்படாமையே அதற்குப் பெருங்காரணம் என அவர் எடுத்துக்காட்டினார். 1968ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் சிக்காகோ நகரில் முதலாவது விசேட ஒலிம்பிக் போட்டி நடைபெற வழிகோலியவற்றுள் அவருடைய ஆய்வும் ஒன்று.

உடல் வலுப்பெற்றால் அறிவும் துலங்குமா? 1958இல் இங்கிலாந்தின் ஆய்வாளர் ஒலிவர், கல்வியிற் பின்தங்கிய சிறுவர்க்குப் பத்து வாரம் உடற்பயிற்சி அளித்துப் பயன் கண்டதை வெளியிட்டார். அவர்தம் அறிவுச் சோதனைப் புள்ளிகள் உயர்ந்திருந்தன. 1966இல் அமெரிக்க ஆய்வாளர் கோர்டர் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார். ஒரு குழுவினர் பயிற்சி செய்தனர். இன்னொரு குழுவினர் அவர்களின் பெறுபேறுகளைக் குறித்து உதவினர். மூன்றாங் குழுவினர் வழமைபோல் இருந்தனர். பயிற்சி செய்தோர் மூன்றாங் குழுவினரிலும் மேம்பட்டனர். உதவி செய்தோருக்கும் அவர்களுக்குமிடையிலோ தெளிவான வேறுபாடு காணப்படவில்லை!

இஃது உடற்பயிற்சியின் பெருமையைக் குறைப்பதன்று. தசைகளின் அசைவோடு, தன்னையும் ஒருவர் பொருட்படுத்துகின்றார் என்னும் உணர்வும் பிள்ளையின் அறிவைத் தூண்டக்கூடும் என்பதையே இது நினைவூட்டுகின்றது. பந்தை எறிந்து பிடிக்கும் எளிய விளையாட்டை நோக்குங்கள். பந்தின்மீது கண் பதியவேண்டும். தன்முறை வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். ஆட்டத்தின் விதியை நினைவிற் கொள்ளவேண்டும். கவனம், பொறுமை, நினைவு ஆகிய மூன்றும் பாடநூலின்றியே அங்குப் பயிலப்படுகின்றன.

உடற்பயிற்சி குறைபாட்டை நீக்கும் மருந்தன்று. பெரும் மாற்றத்தை ஓரிரு வாரங்களில் எதிர்பார்த்தலும் தகாது. பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரின் ஆலோசனை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிற் பலருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. சிலருக்குக் கழுத்தெலும்பின் பிணைப்புத் தளர்ந்திருக்கும். ஆகவே, அவர்களுக்குக் குட்டிக்கரணம் போன்றவை ஆபத்தாகலாம்.

வைத்தியர் இசைந்தபின், நாள்தோறும் சிறிதுநேரம் பிள்ளையோடு நீங்களும் முற்றத்தில் இறங்குங்கள். புள்ளிகளை எண்ணும் பொறுப்பையும் சிலவேளை அப்பிள்ளையிடமே ஒப்படையுங்கள்.