கல்லூரியில் முதல் ஆண்டு: பிள்ளைகளைத் தேடிச் செல்வோம்

ஆனி மாதம் பிறந்ததும் நமது பங்குகளில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் ஞாயிறு திருப்பலியின் முடிவில் பீடத்தின் முன் வந்து நிற்கின்றனர். பங்குத்தந்தை அவர்கள் தலைமேல் கைவைத்து ஆசீர் அளிக்கிறார். கூடியிருப்போர் கைதட்டி மகிழ்கின்றனர். அடுத்த சில நாள்களில் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு வாளி, தாய் பொதிந்து கொடுத்த முறுக்கு, பாட்டி கையில் திணித்த செபமாலை ஆகியவற்றோடு அப்பிள்ளைகள் நகரத்துப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர்.

அவர்களுள் பலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். கட்டணத்திற்காகத் தந்தை கடன் பட்டிருப்பார். தாயின் கம்மல் அடகுக் கடையில் இருக்கும். 'சேர்த்துவிட்டோம், இனி அவன் படித்துக்கொள்வான்' என்று பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். உண்மையிலோ, வீட்டாரின் துணை பிள்ளைக்கு மிகவும் தேவைப்படும் காலம் அன்றுதான் தொடங்குகிறது. இதனை நாம் வருந்திக் கற்றுக்கொண்டோம்.

மறைத்து வைத்த தோல்வி

நாம் நன்கறிந்த ஒரு கடற்கரைப் பங்கில், மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, வகுப்பில் முதல்வனாகத் தேறியவன். பீடச் சிறுவர்க்குத் தலைவனாகவும் இருந்தவன். தொலைவிலுள்ள நகரக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்தான். தந்தை வாரந்தோறும் கைப்பேசியில் அழைத்து, "நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்பார். "படிக்கிறேன், அப்பா" என்பான். "பணம் போதுமா?" என்பார். "போதும், அப்பா" என்பான். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

முதல் பருவத்தேர்வில் அவன் மூன்று பாடங்களில் தவறினான். அதை வீட்டில் சொல்லவில்லை. நாளடைவில் வகுப்பிற்குச் செல்வதையே நிறுத்திக்கொண்டான். காலையில் விடுதியிலிருந்து புறப்படுவான். பேருந்து நிலையத்திலும் பூங்காவிலும் பொழுதைப் போக்கிவிட்டு மாலையில் திரும்புவான். தவக்காலத்தின் நடுவில், வருகைக் குறைவு பற்றிய கடிதம் கல்லூரியிலிருந்து வீட்டிற்கு வந்தது. பதறிச் சென்ற தந்தை, மற்ற மாணவர் பார்த்து நிற்க, "உன்னை நம்பிப் படகை ஈடு வைத்தேனே, இதற்குத்தானா?" என்று சொல்லிவிட்டார். அன்றிரவே அவன் விடுதியைவிட்டு மறைந்தான். பதினொரு நாள்கள் கழித்தே, திருப்பூரில் ஒரு பனியன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான் என்ற செய்தி கிடைத்தது. அந்தப் பதினொரு நாள்களும் அவன் தாய் அடுப்பு மூட்டவில்லை.

அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. பின்னொரு நாள் அவனைச் சந்தித்தபோது, "ஏன் தம்பி, எங்களில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம். "எல்லோரும் கைதட்டி அனுப்பினீர்கள். தோற்றுப்போனேன் என்று யாரிடம் வந்து சொல்வது?" என்றான். அன்று கைதட்டியவர்களுள் நாமும் இருந்தோம். அவன் புறப்பட்டுப் போனபின் எட்டு மாதங்களில் ஒருமுறையேனும் அவனைத் தேடிச் சென்றோமா? இல்லை.

கல்லூரியில் என்ன மாறுகிறது?

அவன் அறிவில் குறைந்தவன் அல்லன். பள்ளியில் விசை, திசைவேகம், முடுக்கம் என்று கற்றவற்றைக் கல்லூரியில் போர்ஸ், வெலாசிட்டி, ஆக்சிலரேஷன் என்று கேட்டான். பொருள் அவனுக்குத் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. ஆயினும், தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எண்ணிக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தான். தமிழ்வழியில் பயின்று வரும் எத்தனையோ பிள்ளைகள் முதல் மூன்று மாதங்களில் இவ்வாறே தம்மைத் தாமே தாழ்வாக மதிப்பிட்டுக்கொள்கின்றனர்.

பள்ளியில் நாள்தோறும் வீட்டுப்பாடம் கேட்க ஆசிரியர் இருந்தார். கல்லூரியில் கேட்பார் இல்லை. ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 90 வேலைநாள்கள். அதன் பாதியை அடையும் முன்பே உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் வந்துவிடுகின்றன. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் பருவத்தேர்வு எழுத இயலும். ஆகவே பிள்ளை தடுமாறுவதை இரண்டாம் மாதத்திலேயே கண்டறியலாம். கல்லூரியிலிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கலை, அறிவியல் கல்லூரிகளில் ஓரிரு பாடங்களில் தவறினால் ஓர் ஆண்டே வீணாகிவிடுவதில்லை. 'அரியர்' என்று மாணவர் கூறும் அப்பாடங்களைப் பின்வரும் தேர்வில் மீண்டும் எழுதலாம். பொதுவாக அடுத்த பருவத்திலும் தொடர்ந்து பயிலலாம். அந்தப் படகுக்காரத் தந்தை இதை அறிந்திருந்தால் அன்று அப்படிப் பேசியிருக்க மாட்டார். அவர்மீது நாம் குறை கூறவில்லை. அவருக்கு அதை எடுத்துச் சொல்ல நாம் ஒருவரும் முன்வரவில்லையே!

புனித மோனிக்கா காட்டிய வழி

படிக்கச் சென்ற மகனுக்காகக் கலங்கிய தாய்மாருக்குத் திருச்சபை முன்வைக்கும் எடுத்துக்காட்டு புனித மோனிக்கா. அவருடைய மகன் அகுஸ்தினார் 354-ஆம் ஆண்டில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். பொருள் வசதி போதாமையால் பதினாறாம் வயதில் அவருடைய படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. பின்னர், ரோமானியானுஸ் என்னும் ஊர்ச் செல்வர் உதவ, கார்த்தேஜ் நகருக்கு மேற்படிப்பிற்குச் சென்றார். விரைவிலேயே தந்தை இறந்தார். மகனின் படிப்புச் செலவைத் தாய் தாங்கினார். நகரத்தில் மகன் நெறி தவறி வாழ்ந்தார். மனிக்கேயம் என்னும் பிழையான கொள்கையையும் தழுவினார்.

அவர் ஊர் திரும்பியபோது, மனம் நொந்த மோனிக்கா அவரோடு ஒரே வீட்டில் வாழவும் ஒரே பந்தியில் உண்ணவும் மறுத்துவிட்டார். அவரும் ஒரு பெற்றவர்தாமே! ஆனால் ஒரு கனவின் வழியாக ஆறுதல் பெற்ற அத்தாய், மகனைத் தம் வீட்டிலும் பந்தியிலும் மீண்டும் ஏற்றுக்கொண்டார். அவனோடு வாதிட்டுத் திருத்துங்கள் என்று ஓர் ஆயரை அவர் வேண்டியபோது, இப்போது வாதம் பயன்படாது, செபியுங்கள் என்னும் கருத்தில் அந்த ஆயர் அறிவுரை கூறினார். ஆண்டுகள் பல கழிந்து, 387-இல் மிலான் நகரில் புனித அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். இவ்வரலாற்றை அகுஸ்தினாரே எழுதி வைத்துள்ளார்.

மகனின் பிழையை மோனிக்கா ஒருநாளும் சரியென்று ஏற்கவில்லை. மகனை ஏற்றார். பிழை வேறு, பிள்ளை வேறு என்று அவர் அறிந்திருந்தார். தேர்வில் தவறிய பிள்ளைக்கு நம் வீடுகளில் இந்தப் பந்தி கிடைக்குமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, கேள்வியை மாற்றுவோம். "நன்றாகப் படிக்கிறாயா?" என்னும் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. அதற்குப் பதிலாக, "இந்த வாரம் எது கடினமாக இருந்தது?" என்று கேட்கலாம். இட்லிக் கடை நடத்தும் ஒரு தாயை நாம் அறிவோம். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். வணிகவியல் பயிலும் மகளிடம் ஞாயிறு மாலைதோறும் இதையே கேட்பார். "கணக்குப்பதிவியல் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, அம்மா" என்று மகள் ஒருநாள் அழுதபோது, "எனக்கும் அது தெரியாது, தாயி. உன் வகுப்பு ஆசிரியைக்குத் தெரியுமல்லவா? அவரிடம் சொல்" என்றார். மகள் சொன்னாள். ஆசிரியை பதினொன்றாம் வகுப்பின் தமிழ்ப் பாடநூலையும் ஆங்கிலப் பாடநூலையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அம்மாணவி அப்பாடத்தில் தேறினாள். பெற்றோர் விடை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை வாய்திறக்க இடம் அளித்தால் போதும்.

இரண்டாவதாக, பிள்ளை புறப்படும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம்: "தவறினாலும் முதலில் வீட்டிற்கு வந்து சொல். இங்கே உனக்குச் சோறு இருக்கும்." சொன்ன பிறகு அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

மூன்றாவதாக, இரண்டாம் மாதத்தில் ஒருமுறை கல்லூரிக்குச் சென்று வருவோம். வழிகாட்டி ஆசிரியர், விடுதிக் காப்பாளர் ஆகியோரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்வோம். குற்றம் கண்டுபிடிக்க வந்ததாகப் பிள்ளைக்குத் தோன்றலாகாது. வீட்டுப் பண்டம் ஒன்றைக் கொண்டு சென்று, அறைத் தோழர்களோடு பகிர்ந்துண்டு வருவதே நன்று.

நான்காவதாக, உரிய உதவிகளைக் கேட்டுப் பெறுவோம். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்புவரை பயின்று கல்லூரி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. மாணவர்க்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-இல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோரும் 2024-ஆம் ஆண்டில் இவற்றில் சேர்க்கப்பட்டனர். நமது மறைமாவட்டப் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகளும் இதில் அடங்குவர். விவரங்களைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

ஐந்தாவதாக, அபாய அறிகுறிகளை அலட்சியம் செய்யாதிருப்போம். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அது சோம்பல் என்று முடிவு செய்துவிடக்கூடாது. மூத்த மாணவரின் கொடுமையும் காரணமாக இருக்கலாம். ராகிங் கொடுமையைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் உள்ளது. 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம். மனத்துயரில் உள்ளோர்க்கு 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் எண் இரவும் பகலும் உதவுகிறது. அதில் தமிழிலேயே பேசலாம். இவ்விரு எண்களையும் பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதிக் கொடுப்போம்.

பங்கின் பொறுப்பு

ஆசீர் அளித்து அனுப்புவதோடு பங்கின் கடமை முடிவதில்லை. கல்லூரி செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பங்கில் பட்டம் பெற்ற ஒருவர் அண்ணனாகவோ அக்காளாகவோ பொறுப்பேற்கலாம். மாதம் ஒருமுறை அழைத்துப் பேசுவதும், ஒருமுறை நேரில் சென்று காண்பதும் பெரிய சுமையல்ல. கோடை விடுமுறையில் நான்கு வாரங்கள் பங்கு மன்றத்தில் அமர்ந்து, பாடச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பழக்கிக் கொடுத்தால் முதல் நாள் அச்சம் பெரிதும் குறையும். பிள்ளை தங்கும் நகரத்தின் பங்குத்தந்தைக்கு நம் பங்குத்தந்தை ஒரு கடிதம் எழுதலாம். 1924-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கமான ஐக்கஃபின் கிளை கல்லூரியில் இருந்தால், அதில் சேருமாறு ஊக்கலாம். தனியாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல தோழமை அங்கே கிடைக்கும்.

செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாளை ஒட்டிய ஞாயிறன்று இப்பிள்ளைகள் அனைவரையும் ஊருக்கு வரச்சொல்லி, ஒருவேளை உணவளித்து, அவர்கள் சொல்வதைக் கேட்கவும் செய்யலாம். அன்று அறிவுரை வேண்டாம். கேட்பது மட்டும் போதும்.

பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த இயேசுவை எருசலேமில் காணாமல், மரியாளும் சூசையப்பரும் மூன்று நாள்கள் தேடினர். கோவிலில் கண்டபோது அன்னை தம் வேதனையை மறைக்காமல் கேட்டார். மகன் அளித்த விடை அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காத அதனையும் அன்னை தம் உள்ளத்தில் வைத்துக் காத்தார். அதன்பின் மூவரும் ஒன்றாக நாசரேத்துக்குத் திரும்பினர். தேடுவதும், கேட்பதும், விளங்காதபோதும் சேர்ந்து நடப்பதும் திருக்குடும்பம் நமக்குக் கற்பிக்கும் பாடங்கள்.

திருப்பூரிலுள்ள அந்த இளைஞனிடம், தொலைநிலைக் கல்வியிலேனும் பட்டம் பெறலாமே என்று நாம் சொல்லி வருகிறோம். அவன் இன்னும் இசையவில்லை. ஆனால் அவன் தந்தை இப்போது மாதம் ஒருமுறை, கடலுக்குப் போகாத நாளில், கருவாட்டுப் பொட்டலத்துடன் திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார். படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இருவரும் சேர்ந்து உண்கின்றனர். இவ்வாண்டு நம் பங்குகளிலிருந்து புறப்படும் பிள்ளைகளை முதல் ஆண்டிலேயே நாமும் இவ்வாறு தேடிச் செல்வோமாக.