அரை கப்பா, ஒரு கப்பா?

அமாவாசைக்கு மறுநாள் காலையில் மேல்மலையனூர் டீக்கடைகளில் உட்கார இடம் கிடைக்கும். இரவு ஊஞ்சல் உற்சவம் பார்த்த கூட்டம் முக்கால்வாசி பஸ் ஏறிப் போயிருக்கும். அப்படி ஒரு காலையில்தான் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் பாரிஸ் பக்கத்தில் வாழும் புதுச்சேரிக்காரர், எனக்கு அக்கா முறை. அங்காளம்மன் அவர்களுக்குக் குலதெய்வம். பிரான்சில் இரைப்பை வளைய சிகிச்சை பரவலாக நடந்த காலத்தில் அங்கேயே வளையம் போட்டுக்கொண்டவர்.

"தம்பி, நீ உடம்பப் பத்தியெல்லாம் எழுதுறியே, ஒண்ணு சொல்லு. வேளைக்கு நான் எவ்ளோ சாப்பிடணும்? முதல்ல குடுத்த தாள்ல நாலு ஸ்பூன்னு போட்டிருந்துச்சு. இப்ப பாக்குற டாக்டரம்மா அரை கப்புங்கறாங்க. அமெரிக்காவுல இருக்குற நாத்தனா, அவளும் வளையம் போட்டவதான், ஒரு கப்புங்கறா. மெட்ராஸ்ல சித்தி பொண்ணு போன மாசம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, அவ அரை இட்லியோட எழுந்துடறா. இதுல எதுதான் நெஜம்?"

நாலுமே நிஜம்தான் என்றேன். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டீ வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னேன்.

முதலில் சித்தி பெண்ணைத் தள்ளி வைத்துவிடலாம். இந்தியாவில் இப்போது அதிகம் நடப்பது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, 100 முதல் 150 மில்லி பிடிக்கும் குழாயாக மிச்சத்தைத் தைத்துவிடுவார்கள். வளையத்தில் எதையும் வெட்டுவதில்லை. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம் போடுவார்கள். அதன் உள்விளிம்பில் ஒரு பை இருக்கும். வயிற்றுத் தோலுக்கடியில் புதைத்த சிறு போர்ட் வழியாக ஊசியால் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வேறு வேறு ஆபரேஷன், வேறு வேறு அளவு. எல்லாவற்றையும் "குண்டு ஆபரேஷன்" என்று ஒரே பெயரில் நாம் சொல்லிவிடுவதால் அளவுகளும் கலந்துவிடுகின்றன. அதிலும் அவர் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமே ஆனவர். அவர் தட்டைப் பார்த்து அக்கா வெட்கப்பட எந்த நியாயமும் இல்லை.

அடுத்து அந்த நாலு ஸ்பூன் தாள். அது தொடக்க வாரங்களுக்கானது. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது, ஐந்தாறு வாரம் கழித்துத்தான் கெட்டி உணவு என்று படிப்படியாகப் போவார்கள். புதிதாக வைத்த வளையம் நகராமல் ஆற வேண்டும் என்பதற்காக அந்தக் கெடுபிடி. பத்து வருஷம் கழித்தும் ஒருவர் அந்தத் தாளை மடித்துப் பர்சில் வைத்திருந்தால், தேதி போட்டுக் கொடுக்காத ஆஸ்பத்திரியைத்தான் நான் குறை சொல்வேன்.

மிச்சம் அரை கப்பும் ஒரு கப்பும். சண்டை இங்கேதான்.

பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்சியூ என்ற மருத்துவர் 1993-இல் இந்த இறுக்கித் தளர்த்தும் வளையத்தை லேப்ராஸ்கோப் வழியாகப் பொருத்தினார். 2001-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பியது இது: வளையத்துக்கு மேலே ஒரு குட்டிப் பை உண்டாகிறது, 15 முதல் 30 மில்லி பிடிக்கும், அது சாப்பாட்டால் நிரம்பி நிற்கிறது, நிரம்பியதால் பசி போகிறது. கணக்கு எளிது. பை சிறியது, ஆகவே சாப்பாடும் சிறியது. ஸ்பூன் கணக்குத் தாள்களும், சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் பை கழுவிக்கொண்டு போய்விடும் என்ற பேச்சும் இதிலிருந்து வந்தவைதான்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஓ'பிரையன், வெண்டி பிரவுன், பால் பர்ட்டன் ஆகியோர் பின்னர் உண்மையில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். உணவுக் குழாயின் அழுத்தத்தை அளந்தார்கள், கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து அது போகும் வழியைப் படமெடுத்தார்கள். இறுக்கம் சரியாக இருக்கிறவர்களிடம் பை நிரம்பி நிற்கவே இல்லை. நன்றாக மென்று விழுங்கிய ஒரு வாய்ச் சோற்றை உணவுக் குழாய் சில முறை பிழிந்து தள்ளுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் அது வளையத்தைத் தாண்டிவிடுகிறது. அப்படிப் பிழிந்து தள்ளும்போது அந்த இடத்து நரம்புகள் அழுந்துகின்றன. பசி அடங்கும் சேதி அங்கிருந்துதான் மூளைக்குப் போகிறது என்பது அவர்கள் முடிவு.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அது நம்ம கபாலம் மாதிரியா? போடப் போட உள்ள போயிக்கிட்டே இருக்குமா?"

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையைத் தவிர்க்க முடியாது. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம், பிச்சையில் விழுந்த சோற்றையெல்லாம் தானே விழுங்கியது. முதல் கவளத்தையும் இரண்டாவதையும் அதில் இட்ட அம்மன், மூன்றாவதைத் தரையில் சூறைவிட்டாள். பொறுக்கித் தின்னக் கபாலம் இறங்கியது, அவள் மிதித்து அடக்கினாள். மாசி அமாவாசை மயானக் கொள்ளையில் சோறும் காயும் தானியமும் இறைபடுவது அதனால்தான். அக்கா சொன்ன உவமை பொருந்தத்தான் செய்கிறது. கபாலம் நிறையட்டும் என்று காத்திருந்தால் அது நிறையாது. வளையத்துக்கு மேலே உள்ள பையும் அப்படியே. அது நிறைகிற அளவைத் தேடுவதே வீண் வேலை. நிறைந்து நிற்கிறது என்றால் வளையம் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, அல்லது அவசரமாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

ஆகவே மெல்போர்ன்காரர்கள் வேளைக்கு அரை கப், அதாவது சுமார் 125 மில்லி என்று சொன்னாலும், அளவைவிட விதத்தைத்தான் வலியுறுத்துகிறார்கள். சின்ன வாய், நன்றாக மெல்லுதல், விழுங்கிய பின் ஒரு நிமிஷம் சும்மா இருத்தல், இருபது நிமிஷத்தில் எழுந்துவிடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நிமிஷத்துக்கு ஒரு வாய் என்றால் இருபது வாய். அதில் அரை கப்புக்கு மேல் அதிகம் போகாது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஒரு கப் என்பது உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்வதற்கான அடையாளம் அது. நாத்தனார் அந்த வரம்பையே இலக்காக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது அவரவர் வளையத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் அரை கப்பில் தொடங்கி, பசி அடங்கியதும் நிறுத்துவதுதான் சரி. வயிறு நிறைந்த உணர்வு வரும்வரை போகக்கூடாது. விக்கல் எட்டிப்பார்த்தாலோ, மூக்கில் நீர் வழிந்தாலோ அதற்கு முந்தைய வாயோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கப் என்பதே ஒரு தகராறு. அமெரிக்கக் கப் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. நம் வீட்டு ஆழாக்கு 168. அதில் ஒரு ஆழாக்கு அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று பங்காகும். தாளில் போட்டது வெந்த அளவா, வேகாத அளவா என்று கேட்காமல் வீட்டில் அளப்பவர்கள் இருக்கிறார்கள்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். நூறு மில்லி கூழும் நூறு மில்லி சுண்டலும் வளையத்துக்கு ஒன்றல்ல. ஆடி மாசம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழ், நெய் மிதக்கும் பொங்கல், பாயசம், ஐஸ்கிரீம், அக்கா கையில் இருந்த சர்க்கரை டீ எல்லாம் பிழிந்து தள்ள வேண்டிய வேலையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நரம்பு அழுந்தாது, பசி அடங்காது, கலோரி மட்டும் சேரும். இன்னொரு பக்கம் டீக்கடை பன், பரோட்டா, குழைந்த சோறு, நார் நாரான கறி எல்லாம் உருண்டையாகி அடைத்துக்கொள்ளும். அடைத்ததைத் தண்ணீர் விட்டு இறக்கப் பார்த்தால் எதிர்த்து வரும். அதனால்தான், பை கழுவிப் போகும் என்ற பழைய காரணம் பொய்த்தாலும், சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் வேண்டாம் என்ற பழக்கத்தை நான் விடச் சொல்ல மாட்டேன்.

"அப்ப என்னதான் தின்றது?" என்றார் அக்கா.

புரதத்தை முதலில் தின்ன வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் அளவுக்கு, மீன் துண்டு 100 கிராமில் 20 கிராம். அரை கப் சோற்றில் 2 கிராம்தான். மூன்று வேளையும் சோற்றைத் தொட்டு ஆரம்பித்தால் குழம்புக் கரண்டி போவதற்குள் இடம் தீர்ந்துவிடும். முட்டை, மீன், பனீர், சுண்டல் ஏதாவது ஒன்று முன்னே, காய் அப்புறம், சோறு கடைசியில் இரண்டு வாய். நம் இலை வரிசைக்கு இது நேர் எதிர் என்பதால் விருந்து வீட்டில் கொஞ்சம் பேச்சு கேட்க வேண்டிவரும்.

அக்கா ஒரு மாதமாக ஒரு கப்புக்கும் மேலே சாப்பிடுவதாகவும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிப்பதாகவும் கடைசியில்தான் சொன்னார். அதைச் சொல்லக் கூச்சம். அது நாக்கின் குற்றமோ மன உறுதியின் குறையோ இல்லை, வளையம் தளர்ந்திருக்கலாம். எந்தத் தாளும் அதைச் சரிசெய்யாது, போர்ட்டில் நீர் ஏற்ற வேண்டும். அதற்கென்று தனி ஊசி உண்டு. சாதாரண ஊசியால் குத்தினால் போர்ட் ஒழுகும். தெரிந்த கம்பவுண்டரிடம் காட்டுகிற வேலை இல்லை இது. உடல்பருமன் அறுவை சிகிச்சை செய்பவர்களிடம்தான் போக வேண்டும். இங்கே ஸ்லீவ் பெருகிவிட்டதால் வளையத்தைக் கையாண்டு பழகிய கைகள் குறைவு. எந்தக் கம்பெனி வளையம், எத்தனை மில்லி நீர் ஏற்றியிருக்கிறது என்ற அட்டை கையில் இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

வளையத்தோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படுத்தால் இருமல் வருகிறது, இரவில் புளித்து எதுக்களிக்கிறது என்றால் இறுக்கம் கூடிவிட்டது, நாள் கடத்தாமல் காட்டுங்கள். வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, வயிறு வலிக்கிறது என்றால் வளையம் நகர்ந்திருக்கக்கூடும். வாந்தி நாள்கணக்கில் நீண்டால் தயமின் சத்துக் குறைந்து மூளையே பாதிக்கப்படும். செரிக்கவில்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல், அன்றைக்கே வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வளையம் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.