வன்னொலிக் கிட்டாருக்கு ஏற்ற ஒலிபெருக்கி

'ஹெவி மெட்டல்' என்னும் இசையைக் கேட்ட மாத்திரத்தில் செவியைப் பொத்திக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் 2007 மார்ச்சில் 'அயர்ன் மெய்டன்' குழுவினரும், 2011 அக்டோபரில் 'மெட்டாலிக்கா' குழுவினரும் பெங்களூரில் வாசித்தபின், தென்னாட்டு இளைஞருள் இவ்விசையை நாடுவோர் உளர் என்பதை மறுக்கவியலாது. நாயுடுப்பேட்டையிலுள்ள நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஆம்ப்ளிஃபையர் கேட்டால் எதை வாங்குவது?

இவ்விசையின் முன்னோடியாகிய டோனி அயோமி, பர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலையொன்றில் இரு விரல்நுனிகளை இழந்தவர். அவருடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. அந்தக் கரகரத்த நாதம் எங்ஙனம் பிறக்கிறது? கிட்டாரின் மெல்லிய மின்னலையை வால்வுகள் அடுத்தடுத்துப் பெருக்க, அளவு மீறிய அலையின் முகடுகள் வெட்டுண்டு போகின்றன. அதுவே அந்நாதம். 1981-இல் வந்த மார்ஷல் ஜே.சி.எம். 800-ஐவிட, 1992-இல் வந்த பீவி 5150-இல் இப்பெருக்கம் மிகுதி. ஆகவே 'கெயின்' வேறு, ஓசையின் உரப்பு வேறு.

100 வாட் பெட்டிக்கும் 50 வாட் பெட்டிக்கும் வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு அது சிறிதே. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெரு வீடுகளுக்கு 20 வாட்டே அதிகம். பல பெட்டிகளின் நாதத்தை ஒன்றிலேயே காட்டும், வால்வில்லாத சிறு கருவிகள் பயிற்சிக்குப் போதுமென்பதே நம் கருத்து.

வாங்குமுன், உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அழுத்தி வாசித்துப் பார்க்கவேண்டும். கையை நிறுத்தியதும் ஒலியும் சட்டென நிற்கவேண்டும்; இரைந்துகொண்டேயிருந்தால் கெயினைக் குறைக்கலாம். நடுச்சுருதிக் குமிழை அடியோடு இறக்கிவிடுவது இளைஞர் வழக்கம். அறைக்குள் அது இனிக்கும்; மத்தளக்காரரோடு சேர்ந்து வாசிக்கையில் கிட்டாரே கேளாமற் போகும்!

அமெரிக்காவிலிருந்து மாமாவோ அண்ணனோ அன்போடு கொணரும் பெட்டியில்தான் பேரிடர் இருக்கிறது. அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட். நமது 230 வோல்ட். பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதைப் படியாமல் செருகினால் ஃபியூஸ் போகும், சில வேளை டிரான்ஸ்ஃபார்மரே கருகும். தக்க திறனுள்ள மின்னழுத்தக் குறைப்பி ஒன்று இடையில் வேண்டும். இதனினும் கொடியது, மூன்று முனைச் செருகியில் எர்த்து முனையை ஒடித்துவிட்டு இரு முனைத் துளையில் நுழைப்பது. பெட்டிக்குள் பழுது நேர்ந்தால், கிட்டாரின் உலோகக் கம்பி வழியே மின்சாரம் பிள்ளையின் விரலில் பாயும், உயிரே போகக்கூடும். வீட்டில் எர்த்துச் சரியாயிருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு முதலில் பாருங்கள். வால்வுப் பெட்டியை அணைத்த பின்னும் அதனுள் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். வீட்டில் திறத்தல் ஆகாது. ஒலிபரப்பிப் பெட்டியை இணைக்காமல் அதை இயக்குவதும் கூடாது.

சென்னைக்குச் சென்று வாங்குவோர், 1842-இல் தோன்றிய மியூசி மியூசிக்கல் முதலிய கடைகளில் சோதிக்கும்போது தம் கிட்டாரையே கொண்டுசெல்வது நலம். கடைக்கிட்டாரில் கேட்ட நாதம் வீட்டுக்கிட்டாரில் வாராது. காலை ரயிலில் போய் மாலையில் திரும்பலாம். வால்வுப் பெட்டியாயின், தூக்குவதற்கு இன்னோர் ஆளும் உடன் செல்லட்டும்.